பதினொரு ஒன்றுகள்

கிறிஸ்து அரசர் திருநாள் பூசையில், பிரசங்கத்தின் நடுவே, பங்குச்சாமி ஒரு வெள்ளை மட்டையைத் தூக்கிப் பிடித்தார். அதில் கறுப்பு மையால் பதினொரு ஒன்றுகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. யூதாஸ் போன பிறகு மிஞ்சிய பதினொரு அப்போஸ்தலர்களைப் போல இந்த ஒன்றுகள் தோளோடு தோள் நிற்கின்றன, உலகத்தில் எந்த எண்ணாலும் இவற்றைப் பிரிக்க முடியாது, இதை நமது பாடசாலைத் தலைமையாசிரியர் கிறகரி எட்டு மாதம் பாடுபட்டு நிரூபித்திருக்கிறார் என்றார். வெளியே கண்டி மழை. கோயிலுக்குள் ஈரக்குடையும் சாம்பிராணியும் கலந்த நாற்றம். ஆண்கள் பக்கத்து முன்வாங்கில் என் கணவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்தத் தாழ்மையை முதல்நாள் சாயங்காலம் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அவர் பழகிப் பார்த்ததை நான் கண்டிருந்தேன். பெண்கள் பக்கத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பல்லைக் காட்டி வைத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்தது வெறும் எரிச்சல்தான். அருவருப்பு அந்த வாரத்துக்குள் வந்து சேர்ந்தது.

அந்தப் பாடு யார் பட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பெற்றீசியா, அவருடைய மனைவி. ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மகள், கன்னியர் மடத்தில் படித்தவள். கிறகரி யாழ்ப்பாணத்து இளவாலைக்காரர். பெண் பார்க்க வந்தபோது அவர் என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. என் கொப்பியை வாங்கிப் பார்த்து, அச்சடித்த மாதிரி எழுத்து என்று மெச்சினாராம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகப் பாடசாலைக் கடிதங்களும் வருடாந்த அறிக்கைகளும் என் கையால்தான் போயின. கீழே ஒப்பம் மட்டும் அவருடையது. அவருக்குக் கோபம் வந்தால் மட்டும் நான் தோட்டத்தாளாகிவிடுவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் விபூதிப் புதன்கிழமை, நெற்றியில் வைத்த சாம்பல் உதிருமுன்னே, தவக்கால ஒறுத்தல் என்று எனக்கு ஒரு வேலை தந்தார். பதினொரு ஒன்றுகளை அடுத்தடுத்து எழுதினால் வரும் எண், அதாவது ஆயிரத்து நூற்றுப் பதினொரு கோடியே பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று, பகா எண்தானா என்று பார்க்கவேண்டும். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் பிரியாத எண். மூன்று ஒன்றுகளை முப்பத்தேழு பிரித்துவிடும். ஐந்து ஒன்றுகளை நாற்பத்தொன்று பிரித்துவிடும். ஏழு ஒன்றுகளை இருநூற்று முப்பத்தொன்பது பிரித்துவிடும். பதினொன்று தப்பும் என்பது அவருடைய நம்பிக்கை. தப்பினால் கொழும்பிலே படித்த மனிதர்கள் கூடும் ஒரு சபையில் கட்டுரை வாசிக்கலாம், பெயர் வரும். ஒறுத்தல் எனக்கு, பெயர் அவருக்கு. அதில் அவருக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை.

வழி அவர் சொன்னதுதான், அதை மறுக்கமாட்டேன். இந்த எண்ணைப் பிரிக்கக்கூடிய பகா எண் எதுவானாலும், அதை இருபத்திரண்டால் பிரித்தால் ஒன்று மிஞ்சவேண்டும். மற்றவற்றைத் தொடவே தேவையில்லை. ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சத்தைத் தாண்டியும் போகவேண்டாம். அதற்கு மேலே ஒரு காரணி இருந்தால் அதன் சோடி அதற்குக் கீழே இருந்தே ஆகும். பழைய புத்தகமொன்றில் பகா எண் அட்டவணை இருந்தது. அதிலிருந்து பொறுக்கியெடுத்தால் ஆயிரம் எண்கள் வரை வந்தன. ஒரு நாளைக்கு நான்கு வீதம் என்று முடிவாயிற்று. இருபத்துமூன்று, அறுபத்தேழு, எண்பத்தொன்பது, நூற்றுத் தொண்ணூற்றொன்பது. முதல் புதன்கிழமையின் வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது.

எண்கள் பெரிதாகப் பெரிதாக வேலையும் கூடியது. அவர் பாடசாலைக்குப் போனதும் குசினி மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவேன். சோறு வேகும் நேரத்தில் இரண்டு, கறி கொதிக்கும் நேரத்தில் இரண்டு. மீதி வந்ததும் திருப்பிப் பெருக்கி, மீதியைக் கூட்டி, பதினொரு ஒன்றுகளும் வந்து நிற்கின்றனவா என்று பார்க்காமல் ஒரு பக்கத்தையும் மூடியதில்லை. எனக்கு அது ஒறுத்தலாக இருக்கவேயில்லை. கடைசிப் படிக்கு வரும்போது அடுப்பே மறந்துபோகும். மீதி வந்துவிட்டால், அந்த எண் இன்னொரு நாள் பிழைத்துக்கொண்டது என்று ஒரு நிம்மதி. யாருக்கும் பிரிந்துகொடுக்காமல் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நானும் ஆசைப்பட ஆரம்பித்துவிட்டேன்.

சிக்கல் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஞாயிறும் கடன் திருநாளும் வேலை செய்யக்கூடாது என்று ஞானோபதேசத்தில் படித்து வளர்ந்தவள் நான். கணக்குப் பிரிப்பது வேலையா என்று பாவசங்கீர்த்தனத்தில் கேட்டேன். புருஷன் ஏவிச் செய்தால் வேலை, சொந்த மகிழ்ச்சிக்குச் செய்தால் பாவமில்லை என்றார் சாமி. எனக்கு இரண்டும் கலந்திருந்ததால் செய்யாமல் விட்டேன். கடன் திருநாள்களின் பங்கை அடுத்த நாளில் சேர்த்துச் செய்தேன். ஞாயிற்றின் நான்கு எண்களையும் தான் பார்ப்பதாகக் கிறகரி ஏற்றுக்கொண்டார். அதற்கென்று சிவப்பு மட்டை போட்ட கொப்பி ஒன்று. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டதும் முன்னறைக் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளேயிருந்து குறட்டை கேட்கும். யோசிக்கும்போது தனக்கு மூச்சு அப்படித்தான் வரும் என்று ஒரு நாள் சொன்னார். மூன்று மணிக்கு முகம் கழுவிக்கொண்டு தபால் கந்தோர்க்காரர் வீட்டுக்கு முந்நூற்றுநாலு சீட்டு விளையாடப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைச் சிலுவையைத் தானே சுமப்பதாகச் சீட்டு மேசையிலும் சொல்லியிருக்கிறார். நான் அந்தக் கொப்பியைத் திறந்து பார்த்ததில்லை. நம்பினேன். நம்பியதற்காக இன்றும் என்மீது எனக்குக் கோபம் உண்டு.

திருநாளுக்கு மறுநாள், திங்கட்கிழமை, ஆசிரியர் கூட்டத்தில் கிறகரி என் கொப்பிகளைத் தன் கொப்பிகள் என்று சொல்லிச் சுற்றுக்கு விட்டார். எல்லோரும் புரட்டிப் பார்த்து வியந்தார்கள். லாபிர் மாஸ்டர் மட்டும் உண்மையாகவே வாசித்தார். அலவத்துகொடயிலிருந்து தினமும் மாத்தளை பஸ்ஸில் வந்து கீழ்வகுப்புகளுக்கு எண்கணிதம் படிப்பிக்கிறவர். அதிகம் பேசாத மனிதர். ஒவ்வொரு பக்கத்திலும் நான் திகதி போட்டிருந்தேன். அவர் எழுந்து, ஞாயிற்றுக்கிழமை எண்கள் இதிலே இல்லையே சேர், அந்தக் கொப்பியையும் ஒருக்கா பார்க்கலாமா என்று கேட்டாராம். அவ்வளவுதான். கிறகரிக்கு முகம் கறுத்துவிட்டது. பாடசாலையின் மனேஜரும் பங்குச்சாமிதான். அன்று சாயங்காலமே அவரிடம் போய், அந்த ஆள் எல்லார் முன்னிலையிலும் என்னைப் பொய்யனாக்கிவிட்டான், நீங்கள் பிரசங்கத்தில் சொன்னதையும் சேர்த்துத்தான் பொய்யாக்கினான் என்று மூட்டிவிட்டார். சனிக்கிழமைக்குள் மன்னிப்புக் கடிதத்தில் ஒப்பம் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் ஜனவரியிலிருந்து வேலை இல்லை என்று தீர்ப்பாயிற்று. தோட்டங்களிலும் கந்தோர்களிலும் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்த வருஷம் அது. போன வேலை திரும்பக் கிடைக்காது.

புதன்கிழமை, இறந்தவர்கள் நினைவுநாளன்று, கல்லறைக்குப் போய் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். திரை போட்ட ரிக்‌ஷா ஒன்று வாசலில் வந்து நின்றது. லாபிர் மாஸ்டரின் மனைவி றம்லத். உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டேன். அதன் விளிம்பில்தான் உட்கார்ந்தாள்.

“அக்கா, எங்கட ஊட்டுக்காரர் யாரையும் பொய்யன்னு சொல்லல்ல. கொப்பியக் காட்டுங்கன்னு கேட்டது மட்டும்தான். ஒப்பம் வைக்கேலான்னு ரெண்டு நாளா சோறும் தின்னாம ஈக்கிறார். நீங்க சேர்ட்ட ஒரு சொல்லு சொல்லுங்க.”

“பேசிப் பாக்குறேங்க,” என்றேன். யாரும் சொல்லக்கூடிய பதில்.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். வாசலில் நின்று, “அந்தக் கொப்பியில என்ன ஈக்கிது அக்கா, காட்டேலாம?” என்று கேட்டாள். அதில் குத்தலே இல்லை. தெரியாத ஒன்றைக் கேட்டாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவர் போனதும் முன்னறை அலுமாரியைத் திறந்து சிவப்புக் கொப்பியை எடுத்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் ஒரு பக்கம். பக்கத்துக்கு நான்கு எண்கள், எதிரே நான்கு மீதிகள். வேறொன்றும் இல்லை. பிரித்த அடையாளம் எங்கேயும் இல்லை. தவக்காலத்து முதல் ஞாயிற்றில் 991, 1013, 1123, 1277. இதில் ஆயிரத்துப் பதின்மூன்றுக்கு எதிரே மீதி ஆயிரத்து நாற்பத்தேழு என்று எழுதியிருந்தார். பிரிக்கிற எண்ணைவிட மீதி பெரிதாம்! மூன்றாம் வகுப்புப் பிள்ளை அப்படி எழுதியிருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். பொய் சொல்வதற்குக்கூட மெனக்கெடாத மனிதர். சாப்பிட்ட சோம்பலில், பாயில் படுத்தபடி, வாய்க்கு வந்த எண்களை எழுதிவிட்டுத் தூங்கியிருக்கிறார். கொப்பியின் ஓரத்தில் மத்தியானக் குழம்பின் எண்ணெய் விரல் படிந்திருந்தது.

அப்போதும் பதினொரு ஒன்றுகளை நான் சந்தேகிக்கவில்லை. பொய்யாய் எழுதினாலும் உண்மை அதேதானே, மீதி எப்படியும் வந்துதானே இருக்கும் என்று நினைத்தேன். ஞாயிறுகளை நானே செய்து கொப்பியைச் சுத்தமாக்கிவிட்டால் லாபிர் மாஸ்டருக்குக் காட்டலாம், சண்டை அதோடு முடியும். வியாழன் முழுக்க உட்கார்ந்தேன். முதல் ஞாயிறு, இரண்டாம் ஞாயிறு, குருத்து ஞாயிறு, ஈஸ்டர். எல்லாம் மீதி விட்டன. வெள்ளிக்கிழமை காலை, ஈஸ்டர் கழிந்து இரண்டாம் ஞாயிற்றின் பக்கத்துக்கு வந்தேன். ஏப்ரல் பத்தாம் திகதி. அதில் இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது என்று ஒரு எண். ஐந்து முறை போயிற்று, ஒரு முறை போயிற்று, மூன்று, இரண்டு, மறுபடி மூன்று. மிஞ்சியது 19484. கடைசி ஒன்றை இறக்கினேன். 194841. ஒன்பதால் பெருக்கிப் பார்த்தேன். 194841.

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பப் பிரித்தேன். பிறகு பெருக்கிப் பார்த்தேன். பூச்சியந்தான். பதினொரு ஒன்றுகளும் 513239-க்கும் 21649-க்கும் பிறந்த பிள்ளை. கிறகரி எழுதியிருந்த மீதி 8317. அந்தப் பூச்சியத்தைப் பார்த்தபோது முதலில் வந்தது சந்தோஷம், அதை மறைக்கமாட்டேன். எட்டு மாதமாகத் தேடிய ஒன்று என் பென்சில் முனையில் வந்து விழுந்திருக்கிறது. அடுத்த நிமிஷமே வேறு கணக்கு ஓடியது. ஏப்ரல் பத்தாம் திகதியோடு முடிந்திருக்கவேண்டிய வேலை இது. அதற்குப் பிறகு ஆறு மாதம், அறுநூற்றைம்பது எண்கள், ஒவ்வொன்றையும் திருப்பிப் பெருக்கிச் சரிபார்த்து, விரல் காய்த்துப்போகப் பிரித்தேனே, அத்தனையும் குப்பை. அவர் அந்த ஒரு ஞாயிறு அரை மணித்தியாலம் கண்விழித்திருந்தால் போதும். அந்த அரை மணித்தியாலத்துக்காக இப்போது ஒரு மனிதரின் வேலை போகப்போகிறது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை என்பதால் மீன்குழம்பு. தலைத்துண்டு அவருக்குத்தான். உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே தாளை அவர் தட்டின் பக்கத்தில் வைத்தேன்.

“என்னங்க, இதப் பாருங்க. பிரியுதுங்க.”

வாய் மட்டும் நின்றது. கண் வரிவரியாக இறங்கியது. கணக்குத் தெரியாத மனிதரல்ல அவர். ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. முகம் வெளுக்கும், கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்புவார், ஐயோ என்றாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

“ஆருக்கும் காட்டினனீரோ?”

“இல்லீங்க.”

“நல்லது.” மீன் கண்ணைத் தோண்டியெடுத்து வாயில் போட்டுக்கொண்டார். “இதை இப்ப வெளியில விடேலாது. சாமி கோயில்லயே சொல்லிப்போட்டார். ஒரு வருஷம் போகட்டும். பிறகு நானே கண்டுபிடிச்சன் எண்டு எழுதுவம். யோசிச்சுப் பாத்தா அதுவும் பெரிய விசயந்தான்.”

“அப்ப லாபிர் மாஸ்டர்?”

“அவன் கேட்ட விதம் பிழை. எண் பிரியுமோ பிரியாதோ, அது வேற கதை.” எலும்பை மேசையோரத்தில் துப்பினார். “மன்னிப்புக் கடிதம் அடிச்சு வெட்டி எழுதி வைச்சிருக்கிறன். வடிவாப் பாத்து எழுதி வையும். நாளைக்குப் பத்து மணிக்குச் சாமியும் வாறார்.”

தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். விரலில் ஒட்டிய குழம்பு அதில் படிந்தது. பன்னிரண்டு வருஷம் இந்த மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவர் சாப்பிடுவதைப் பார்த்தேன் என்று தோன்றியது. உதடு, தாடையில் வழிந்த எண்ணெய், திருப்தியான ஏப்பம், எல்லாவற்றையும் பார்க்கப் பார்க்க அருவருத்தது. ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும். அவர் எழுந்து போனதும் அந்தத் தட்டை எடுத்துக் கழுவியது நான்தான். மேசையோரத்து எலும்பைப் பொறுக்கியதும் நான்தான். கழுவிக்கொண்டே வேறொன்றும் நினைத்தேன். இது வெளியே வந்தால் கோயிலில் எந்த முகத்தோடு நிற்பேன்? இந்த வீடு பாடசாலை வீடு, எங்கே போவேன்? லாபிர் மாஸ்டர் ஒரு ஒப்பம் வைத்துவிட்டால் எல்லோருக்கும் பிழைப்பு நடக்குமே. அப்படித்தான் நினைத்தேன். கிறகரி நினைத்ததற்கும் நான் நினைத்ததற்கும் அதிக தூரமில்லை என்று தெரிந்தபோது, தட்டைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். ‘பதினொரு ஒன்றுகளாலான எண் பகா எண் என்னும் உண்மையை அறிவின்மையால் சந்தேகித்து, தலைமையாசிரியரின் நேர்மைக்கு மாசு கற்பித்ததற்காக மனம் வருந்துகிறேன்’ என்று தொடங்கியது அவர் எழுதியது. அவருக்கு நேர்மையாம்! ஒரு எழுத்தும் மாற்றாமல் அச்சுப்போலவே எழுதினேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்பதோடு கடிதம் முடிந்தது. அதன் கீழே, ஒப்பம் வைக்கும் இடத்துக்கு மேலே, அகலமாக இடம் விட்டு, ஒரு வரி எழுதினேன். 513239 × 21649 = என்று. விடையை எழுதவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சாமி வந்து சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டார். கிறகரி பக்கத்துக் கதிரையில். லாபிர் மாஸ்டர் குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். வேண்டாம் வேண்டாம் என்று நின்று, கடைசியில் வீட்டு நிலைமைக்குத் தலைவணங்கிவிட்டு வந்த முகம் அது. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, கடிதத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் மேசையில் வைத்தேன். பேனையையும் வைத்தேன். கிறகரி கடிதத்தை எட்டியும் பார்க்கவில்லை.

“என்ர மனுசி எழுதினா ஒரு பிழையும் வராது, சாமி,” என்றார்.

லாபிர் மாஸ்டர் மெதுவாக வாசித்தார். உதடு அசைந்தது. பேனையை எடுத்தார். கீழே இறங்கி, அந்த வரிக்கு வந்ததும் பேனை நின்றது. என்னை ஒரு தரம் பார்த்தார். நான் தேத்தண்ணித் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் குனிந்து எழுதத் தொடங்கினார்.

“வாசிச்சது போதும், ஒப்பத்தை வையுங்காணும்,” என்றார் கிறகரி.

“கொஞ்சம் பொறுங்க சேர்.”

ஒன்பதால் பெருக்கி ஒரு வரி. நாலால் பெருக்கி, ஓர் இடம் தள்ளி ஒரு வரி. ஆறால், ஒன்றால், இரண்டால். ஐந்து வரிகளையும் நேராக அடுக்கி, அடியில் ஒரு கோடு இழுத்தார். சாமி மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து மாட்டிக்கொண்டு சாய்மனையிலிருந்து முன்னால் வந்தார். வலது ஓரத்தில் முதல் ஒன்று விழுந்தது. அடுத்தது பதினொன்று, ஒன்றை எழுதி ஒன்றை மனதில் வைத்தார். மறுபடி பதினொன்று. பிறகு முப்பத்தொன்று. நான்கு ஒன்றுகள் மை காயாமல் நின்றன. கிறகரி கழுத்தை நீட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். சாமி அவரைப் பார்க்காமலே ஒரு கையை நீட்டி மறித்தார். லாபிர் மாஸ்டர் ஐந்தாவது இடத்தைக் கூட்டி முடித்து, இருபத்தொன்று என்று வாய்க்குள் சொல்லி, ஒன்றை எழுதினார்.